ஊருக்குக் கொண்டுபோக முடியாத சாமான்

1

இன்று காலை கராஜில் ஹீட்டர் தானாக எரிய ஆரம்பித்தது. நான் அடுக்களையில் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு ‘க்ளிக்’, பிறகு ‘புஸ்’, அப்புறம் விசிறி சுற்றும் சத்தம். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆரம்பிச்சுருச்சு” என்றார். நியூஜெர்ஸியில் அக்டோபர் வந்துவிட்டதை அறிய எங்களுக்குக் காலண்டர் தேவையில்லை.

எங்கள் பேச்சுப்படி இந்தக் காலையில் நாங்கள் கோயமுத்தூரில் இருந்திருக்க வேண்டும். மகள் நித்யா எட்டாம் வகுப்பு முடித்ததும் மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு. இந்த ஜூனில் அவள் எட்டாவது முடித்தாள். இப்போது ஹைஸ்கூல் போகிறாள். மூட்டை மட்டும் கட்டவில்லை. ஏன் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வருகிறோம்: அவள் படிப்பு, இவர் வேலை, பங்குச் சந்தை, யாருக்கோ முட்டி ஆபரேஷன். உண்மையான காரணம் கராஜின் கூரையில் தொங்குகிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்காது, ஆகவே எழுதுகிறேன்.

2

கராஜ் என்பது கார் நிறுத்துவதற்காக வீட்டோடு ஒட்டிக் கட்டிய பெரிய அறை. எங்கள் கார்கள் இரண்டும் வெளியே பனியில்தான் நின்றன. அறைக்குள் அட்டைப் பெட்டிகள் இருந்தன.

பெட்டிகளின் கதை என் அழுகையில் தொடங்குகிறது. பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்டில் இருந்த முதல் வருடங்களில் நான் நிறைய அழுதேன். கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். இங்கே வந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. காலையில் இவர் ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு பேச ஆளில்லை. டிவியில் விளம்பரங்களைக்கூட விடாமல் பார்த்தேன். ஒரு நாள் சாம்பாரைக் கரண்டியால் கிளறிக்கொண்டே அழுததைப் பார்த்துவிட்டு இவர், “சரி, நித்யா எட்டாவது முடிக்கட்டும், போயிரலாம்” என்றார். அவள் அப்போது ஸ்கூலுக்கே போகவில்லை. எட்டாவது எங்கேயோ இருந்தது. அதனால் இரண்டு பேருமே சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் அதற்கு ஒரே பரீட்சைதான்: ஊருக்குப் போனால் ஆகுமா? சோபா ஆகாது, பழையது போதும். திரைச்சீலை ஆகாது, பெட்ஷீட்டைத் தொங்கவிடு. வீடு மட்டும் பரீட்சை எழுதாமல் பாஸாகிவிட்டது, ‘விற்றுவிடலாம்’ என்ற ஒரு காரணத்தால். பக்கத்தில், இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் 220 வோல்ட் சாமான்கள் மட்டுமே விற்கிற கடைகள் உண்டு. இந்த நாட்டில் வீட்டுச் சுவர்களில் வருவது 110. ஆகவே அந்தக் கடையில் வாங்கும் எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகி ஓட்ட முடியாது. ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்காக நடக்கும் கடைகள் அவை. சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. அங்கே பார்த்த முகங்களையே அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் பார்ப்பேன். எங்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், மிக்ஸி, எல்லா தேசத்துப் படமும் தெரியும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த டிவி. எல்லாம் பெட்டி பிரிக்காமல் கராஜ் சுவரோரம் ஏறின. வீட்டுக்குள் பழைய மெஷின் துணியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் புது மெஷின் தெர்மக்கோலுக்குள் நிம்மதியாக இருக்கும். நித்யாவின் தோழி ஒருத்தி பெட்டிகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இந்தியாவிலிருந்து வந்ததா என்று கேட்டாள். “நோ, இட்ஸ் கோயிங் தேர்,” என்றாள் நித்யா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சம்டே” என்று சேர்த்துக்கொண்டாள்.

3

பெட்டிகளுக்கு நடுவில் இவருடைய ஒர்க்‌ஷாப்.

இவர் மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் விழுந்தவர். கை மட்டும் இன்னும் இரும்பையே தேடும். மூடப்போகிற ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்து இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கி வந்தார். ஊருக்குப் போய் பம்பு உதிரிபாகம் செய்கிற யூனிட் வைப்பதாகத் திட்டம். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கிற ஒரு புஷ் இவருடைய சொந்த டிசைன். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை வளையம். கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் இவருடைய அண்ணன் ஒரு ஷெட்டைப் பிடித்து, த்ரீ ஃபேஸ் லைனும் வாங்கி வைத்துவிட்டார். ஞாயிறுதோறும் போனில் ஷெட்டின் நலம் விசாரிப்பு நடக்கும். கூரையில் ஓடு மாற்றியது, வாசலில் யாரோ லாரி நிறுத்தியது எல்லாம் எங்களுக்கு உடனுக்குடன் தெரியும்.

லேத்தும் பரீட்சை எழுதி வந்ததுதான். மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் 220-இலும் ஓடும். அங்கே கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்று கணக்குப் போட்டு, அதைச் சரிக்கட்ட ஒரு புல்லியைக் கடைந்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். லேத்தை இறக்கியவர்கள் அடியில் இருந்த பாலெட் என்கிற மரச் சட்டத்தோடு கராஜ் நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். லேத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவர் இறுக்கவில்லை.

“எதுக்கு வசந்தி காங்க்ரீட்ல ஓட்டை போட்டுக்கிட்டு? போறப்ப அப்படியே ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கிக் கண்டெய்னர்ல வெச்சுரலாம்.”

பாலெட் மேல் லேத் ஓடினால் லேசாக அதிரும். கடைந்தெடுத்த புஷ்ஷின் மேல் மெல்லிய வரிகள் விழும். குளிர்காலத்தில், “ஆயில் கெட்டியாகிப் போச்சு, அதான்” என்பார். கோடைகாலத்தில், “இந்த ஹ்யூமிடிட்டி இருக்குதே” என்பார். பாலெட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நானும் கேட்கமாட்டேன்.

4

தொண்ணூற்றெட்டு ஜனவரி. கராஜுக்குள் தண்ணீர் வாளியில் மேலே ஏடு கட்டிக்கொண்டு பனிக்கட்டி. இவர் இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, என் தம்பி வாங்கித் தந்த கம்பளிக் கையுறையோடு லேத் முன்னால் நின்றார்.

கையுறை போட்டுக்கொண்டு லேத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் சொல்லித்தரும் முதல் விஷயம் அது. அண்ணன் மகன் இங்கே வந்திருந்தபோது அவனுக்கு இவரே அரைமணி நேரம் பாடம் எடுத்தார்: கையுறை கூடாது, வாட்ச் கூடாது, முழுக்கை சட்டை கூடாது. அவ்வளவு தெரிந்தவர். குளிர் அதையெல்லாம் மறக்கடித்துவிட்டது.

சுற்றிக்கொண்டிருந்த இரும்பில் கம்பளி நூல் சிக்கியது. உள்ளேயிருந்து எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான், இவர் என் பெயரைக் கத்தியது. பழைய லேத் என்பதால் பெல்ட் தளர்வாக இருந்து வழுக்கிவிட்டது. அதனால் விரல்கள் பிழைத்தன. வலது கையில் இரண்டு நகங்கள் போயின, மூன்று விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கின. எமர்ஜென்ஸியில் கட்டுப் போட்டுவிட்ட பெண், எப்படி ஆனது என்று கேட்டாள். “கோல்ட்” என்றார் இவர். அவள் குனிந்து எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரசம் சாதத்தை ஸ்பூனால் ஊட்டிவிட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, ஒண்ணு அங்க ஹீட்டர் வைக்கணும். இல்லீன்னா அந்த லேத்த வித்துப்போடணும். ரெண்டுல ஒண்ணு. இனி இந்தக் கைக்கு நான் கட்டுப் போட மாட்டேன்.”

“ஹீட்டரா?” என்றார். ஏதோ யானை வாங்கச் சொன்னதுபோல் பார்த்தார். “ஹீட்டர ஊருக்குக் கொண்டுபோய் என்ன வசந்தி பண்றது?”

அதுதான் சிக்கல். எங்கள் பரீட்சையில் எந்தக் காலத்திலும் பாஸாக முடியாத ஒரு சாமான் இருக்கிறது என்றால் அது ஹீட்டர். கோயமுத்தூரில் மார்கழியில் ஒரு மப்ளர் சுற்றினால் தீர்ந்தது.

5

அந்தச் சனிக்கிழமை முருகேசன் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடினோம். முருகேசன் ஈரோட்டுக்காரர், அபார்ட்மென்ட் காலத்திலிருந்து எங்கள் சிநேகிதர். எங்கள் கூட்டத்தில் ஆம்பிளைகள் எல்லோரும் இஞ்சினியர்கள். ஒருவர் விரலில் கட்டோடு வந்தால் விரலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கராஜ் எத்தனை சதுர அடி, கூரை எவ்வளவு உயரம், கதவில் இன்சுலேஷன் உண்டா என்று கேட்பார்கள். பிரியாணி ஆறிப்போகும்வரை வாதம். ஒருவர் விறகு அடுப்பு என்றார். ஒருவர் சூரிய சக்தி என்றார், வெளியே மதியத்திலேயே இருட்டு. முருகேசன் மட்டும் பேசாமல் எழுந்து போய், ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கார் டிக்கியில் வைத்தார். “சும்மா கெடக்குது. ட்ரை பண்ணிப் பாருங்க. கதவக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கணும், பாத்துக்குங்க.”

குளிருக்காக ஹீட்டர் வைத்து, புகைக்காகக் கதவைத் திறந்து, திறந்த கதவு வழியாகக் குளிரை மறுபடி உள்ளே விட்டோம். இரண்டு நாளில் வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. நித்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இட் ஸ்மெல்ஸ் லைக் இந்தியா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதட்டவும் முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் தகர டின்னோடு நின்ற வாடை எனக்கும்தான் வந்திருந்தது.

அடுத்ததாக இவர் செய்ததை எங்களைப் போல் ஊருக்குப் போகக் காத்திருக்கிற மனிதர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஐசலினுக்குப் போய், 220 வோல்ட் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே எண்ணெய் ஊற்றிய, ரேடியேட்டர் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிற ரகம்.

“இது எதுக்குங்க 220-ல?”

“பின்னால கோத்தகிரியில ஒரு சின்ன வீடு வாங்கலாம்னு இருக்கறன். அங்க ஆகும்.”

அந்த நிமிடம் வரைக்கும் எங்கள் வாழ்க்கையில் கோத்தகிரி என்ற ஊர் இல்லை. நியூஜெர்ஸி கராஜுக்கு ஹீட்டர் வாங்குவதற்காக நீலகிரியில் வீடு கட்டிய ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். கடைக்காரர்கூட, “எந்த ஊருக்கு அனுப்பறீங்க?” என்று கேட்டாராம். “இங்கேயேதான், கராஜுக்கு” என்றதும் கல்லாவில் இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

வோல்டேஜைக் கூட்டித் தருகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் கூடவே வந்தது, தரையில் வைத்தால் அம்மிக்கல் கனம். சுவிட்சைப் போட்டார். அது ‘ம்ம்’ என்று முனகியது, வீடு பாதி இருண்டது. பிரேக்கரைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டார், மறுபடி இருண்டது. மாடியிலிருந்து நித்யா, “அப்பா! மை ரிப்போர்ட்!” என்று கத்தினாள். கம்ப்யூட்டரில் அவள் சேமிக்காமல் வைத்திருந்த பள்ளிக் கட்டுரை போய்விட்டது. கோத்தகிரி ஹீட்டர் பெட்டிக்குள் திரும்பிப்போய் மற்ற பெட்டிகளோடு சுவரோரம் சேர்ந்தது.

6

கடைசியில் பேப்பரில் விளம்பரம் பார்த்து ஒரு ஹீட்டிங் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். ஃப்ராங்க் என்று பெயர். சிவந்த முகம், சட்டைப் பையில் டேப், ஓயாத வாய். கராஜ் கதவு மேலே ஏறியதும் பெட்டிகளையும் பாலெட் மேல் நின்ற லேத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆர் யூ ஃபோக்ஸ் மூவிங் இன் ஆர் மூவிங் அவுட்?”

குடிவருகிறீர்களா, காலி செய்கிறீர்களா. அந்த வீட்டுக்கு வந்து அப்போது நான்கு குளிர்காலம் ஆகியிருந்தது. இவர் சிரித்து மழுப்பினார்.

ஃப்ராங்க் அளந்தார், சுவரைத் தட்டினார், தன் மச்சானுடைய முதுகுவலியைப் பற்றி விரிவாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எலெக்ட்ரிக். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் கரண்ட் தின்னும். இன்னொன்று கேஸ். வீட்டு லைனிலிருந்து குழாய் இழுத்து, சுவரைத் துளைத்துப் புகைக்கு வழி விட்டு, கூரையில் தொங்கவிட வேண்டும். டவுன் ஆபீஸில், அதாவது நகராட்சியில், பெர்மிட் வாங்க வேண்டும். சூடு நன்றாக இருக்கும், செலவு குறைவு, ஆனால் கழற்ற முடியாது, வீட்டோடு வீடாகிவிடும்.

“எத்தனை வருஷம் இந்த வீட்டில் இருக்கப்போகிறீர்கள்? அதைச் சொன்னால் நான் சொல்லிவிடுவேன் எது சரி என்று.”

அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு காத்திருந்தார். இவர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் இவர் என்னைத்தான் பார்ப்பார். அழுதது நான்தானே, பேச்சு என்னுடையதுதானே. நித்யா அப்போது ஆறாவது. பதில் தயாராகவே இருந்தது. “டூ இயர்ஸ்” என்று இவர் வாயெடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரீன் கார்டு வந்த பிறகு நான் பக்கத்து மிடில் ஸ்கூலில் சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போக ஆரம்பித்திருந்தேன். யாராவது டீச்சர் லீவு போட்டால் விடியற்காலையில் போன் வரும். முதல் மாதம் பிள்ளைகள் என் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, பின்னம் புரியாதவர்கள் மத்தியானம் என்னைத் தேடி வந்தார்கள். நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம், சர்டிஃபிகேட்டுக்குப் படியுங்கள் என்று பிரின்சிபால் சொன்னார். மாலை வகுப்பில் சேர்ந்தேன். “பொழுது போகட்டும்னு” என்று இவரிடம் சொன்னேன். பொழுதுபோக்குக்காக யாரும் பனியில் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதமாட்டார்கள் என்பது இவருக்கும் தெரிந்திருக்கும். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது என் பழைய கல்லூரிக்கும் போனேன். என் நாற்காலியில் என் மாணவி உட்கார்ந்திருந்தாள். எழுந்து, “உட்காருங்க மேடம்” என்றாள். விருந்தாளிக்கு இழுத்துப்போடுகிற மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டாள். எனக்கு வருத்தம் வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நியூஜெர்ஸியில் என் பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

இவர் “டூ” என்றதும் நான் குறுக்கே பேசினேன்.

“நோ. வீ ஆர் ஸ்டேயிங். புட் தி கேஸ் ஒன்.”

இத்தனை காலம் தமிழில் சொல்ல வராதது, ஆங்கிலத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஃப்ராங்க், “குட் சாய்ஸ்” என்று எழுதிக்கொண்டார். இவர் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு லேத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

7

அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“எப்ப முடிவு பண்ணுன?”

“தெரியலீங்க. அந்தாளு கேட்டப்பத்தான் வாயில வந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்கதான் எட்டாவது எட்டாவதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே.”

“அது நீ அழுதன்னுதான் மொதல்ல சொன்னேன்.” கழுவிய டம்ளர் ஒன்றை இடது கையால் எடுத்துக் கவிழ்த்து வைத்தார். “அப்பறம் எனக்கே ஆசையாயிருச்சு.”

குழாயை மூடினேன். எனக்காகச் சொன்ன பேச்சு எப்போதோ இவருடையதாகிவிட்டது, நான் அதைவிட்டு வெளியே வந்திருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவருக்கும் இது தெரியாமல் போயிருக்கிறது. இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

“வேண்டாம்னா கேன்சல் பண்ணிரலாங்க.”

“வேண்டாம். கை வலிக்குது,” என்றார்.

பெர்மிட்டுக்கு டவுன் ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். கவுண்டரில் இருந்த அம்மாள், கராஜில் என்ன வேலை நடக்கிறது, பிசினஸா, ஹாபியா என்று கேட்டாள். குடியிருப்புப் பகுதியில் பிசினஸுக்கு அனுமதி இல்லை. இவர் பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு, “ஹாபி” என்றார். காரில் திரும்பி வரும்போது சிக்னலில் நிற்கையில், எனக்கென்று இல்லாமல், “ஹாபி” என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

ஹீட்டர் மாட்டியானது. பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஹீட்டரைவிடப் பெட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். எரிகிற சாதனத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் கூடாது, எடுத்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்து எங்கே வைப்பது? அதே மாதத்தில் முருகேசன் ஈரோட்டுக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். ஐசலின் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர், ஒரு பெட்டி வாங்கி வைக்காதவர், அவர்தான் எங்கள் கூட்டத்தில் முதலில் கிளம்பினார். பெட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

“நெசமாத்தான் குடுக்கறீங்களா?” என்று அவர் என் முகத்தையும் இவர் முகத்தையும் பார்த்தார்.

“எடுத்துட்டுப் போங்க. கோத்தகிரி ஹீட்டரையும் சேத்துத்தான்,” என்றேன். இவர்கூடச் சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிறு அண்ணனுக்கு இவரே போன் போட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லேத், கை, குளிர் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

“இல்லீங்ணா. அந்த ஷெட்ட வேற யாருக்காச்சும் விட்ருங்க. ஆமாங்ணா. பாக்கலாங்ணா. இப்போதைக்கு இல்லீங்ணா.”

அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். “‘செரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க’ன்னாரு” என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெங்காயம் என் கையில் இருந்தது, இவர் கண் சிவந்திருந்தது. நித்யா டிவியிலிருந்து திரும்பி, “இஸ் பெரியப்பா ஓகே?” என்று கேட்டாள். பெரியப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

8

கை ஆறி, நகம் முளைத்து, அடுத்த குளிர் வந்தது. அதற்குள் ஸ்கூலில் என் வேலையும் நிரந்தரமாகியிருந்தது. கராஜ் இதமாக இருந்தது. பெட்டிகள் போன இடத்தில் ஒரு காரை உள்ளே விட்டோம். இவர் மட்டும் லேத் பக்கம் போகாமல் இருந்தார். போய் நின்றால் துடைத்துவிட்டுத் திரும்பி வருவார். நானாக எதையும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுவர் அதிரும்படி ட்ரில் சத்தம். போய்ப் பார்த்தேன். பாலெட்டை உருவி வெளியே போட்டிருந்தார். லேத் தரையில் நின்றது. காங்க்ரீட்டில் நான்கு மூலைக்கும் ஓட்டை போட்டு, போல்ட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை, மீசை எல்லாம் சிமென்ட் தூள்.

“வசந்தி, அந்த ரசமட்டத்த எடுத்து மேல வெய்யி. குமிழி நடுவுல வருதான்னு பாத்துச் சொல்லு.”

ரசமட்டத்தை லேத்தின் மேல் வைத்தேன். இவர் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகினார். குமிழி வலப்பக்கம் போனது, திரும்பியது, நின்றது.

“வந்துருச்சுங்க.”

இன்னும் ஒரு திருகு திருகிவிட்டு எழுந்தார். சுவிட்சைப் போட்டார். சத்தமே மாறியிருந்தது. பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டி, வெறுங்கையோடு, அரைக்கை சட்டையோடு, நிதானமாக ஒரு புஷ் கடைந்தார். நான் போகாமல் நின்று பார்த்தேன். துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார், சூடாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரியே இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை, இவர் மனதில் நினைத்த அதே புஷ். கோயமுத்தூரில் எந்தப் பம்பிலும் போட்டுக் காட்டலாம்.

புஷ்ஷை விரல்களால் மூடிக்கொண்டேன். “இத வெச்சு நான் என்னங்க பண்றது?” என்று கேட்டேன்.

“ஸ்கூலுக்குக் கொண்டுபோ. மேசை மேல வெச்சுக்க,” என்றார். “ஃபேன் காத்துல பேப்பரெல்லாம் பறக்குமில்ல.”

என் வகுப்பறையில் ஃபேன் கிடையாது. இவர் அங்கே வந்ததில்லை. சரி என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.